கல் சுடுவதற்கு முன், காற்று எழுவதற்கு முன்

கொட்டாம்பட்டியில் மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையை நத்தத்திலிருந்து சிங்கம்புணரிக்குப் போகும் சாலை குறுக்கே வெட்டுகிறது. மேற்கே திரும்பினால் நத்தம், திண்டுக்கல், அதற்கு அப்பால் பழனி மலைத்தொடர். தெற்கே மேலூர், மதுரை வழியாகத் தூத்துக்குடிக் கடற்கரை. வடக்கே போனால் திருச்சியைத் தாண்டிச் சென்னையும் கோவளமும் மாமல்லபுரமும். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவில் மொட்டைப் பாறைக் குன்றுகள். பாறையேற்றம், மலைச் சைக்கிள், சர்ஃபிங் என்ற மூன்றையும் ஒரே கோடை விடுமுறையில் செய்து பார்க்க நினைக்கும் இளைஞர் கூட்டத்துக்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தோதான புறப்பாட்டு இடம் கிடைப்பது கடினம்.

மூன்றும் இன்று ஒலிம்பிக் விளையாட்டுகள். மலைச் சைக்கிள் 1996இல் அட்லாண்டாவில் நுழைந்தது. பாறையேற்றமும் சர்ஃபிங்கும் 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் சேர்ந்தன. இவற்றுக்கான பயணக் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கோடை என்றால் பனி உருகி, பகல் நீண்டு, உடம்புக்கு இதமாக இருக்கும் காலம். இங்கே கோடையில்தான் பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது. காட்டில் தீ பிடிக்கிறது. கடலில் எங்கோ தொலைவில் பிறந்த அலை சொல்லாமல் வந்து கரையில் ஏறுகிறது. ஆகவே இங்கே திட்டமிடுகிறவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். அந்த இடம் யாருடையது? அங்கே எந்த நேரத்தில் இருக்கலாம்?

முதலில் பாறை. மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் கிரானைட் வகைக் கடுங்கல்லால் ஆனவை. பகல் முழுக்க வெயிலை உள்வாங்கிக்கொண்டு இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஏறலாம் என்று போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான். கல் முழுவதும் ஆறியிருப்பது விடியற்காலையில் மட்டுமே. ஏறுவோரின் காலணியில் உள்ள ரப்பர் குளிர்ந்த கல்லில் நன்றாகப் பிடிக்கும். சுடும் கல்லில் இளகி வழுக்கும். கை வியர்த்தாலும் பிடி போய்விடும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவதுதான் கோடைப் பாறையேற்றம்.

முகம் பார்த்துப் பாறையைத் தேர்வு செய்தால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். மேற்கு பார்த்த பாறை காலை முழுதும் நிழலில் கிடக்கும். தெற்கு முகத்தில் இன்னொரு வசதி உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. கொட்டாம்பட்டி வட அட்சரேகை 10 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை அது வடக்கே சாய்ந்தபடிதான் கடந்து போகும். அதனால் மே, ஜூன் மாதங்களில் செங்குத்தாக நிற்கும் தெற்குப் பாறைமுகத்தில் நாள் முழுதும் நேர்வெயில் படாது. குளிர்நாட்டுப் புத்தகங்கள் தெற்கு முகத்தை வெயில் முகம் என்று சொல்லும். இங்கே கோடையில் அது நிழல் முகம். ஆனால் சரிவான பாறைக்கு இந்தச் சலுகை இல்லை. சூரியன் உச்சியிலிருந்து அதிகபட்சம் பதின்மூன்று பாகைதான் விலகியிருக்கும் என்பதால் சாய்ந்த பாறை எந்தத் திசை பார்த்திருந்தாலும் நண்பகலில் காயும்.

அடுத்தது, எந்தப் பாறையில் ஏறலாம் என்பது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றில் ஏறக் கூடாது. கொட்டாம்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கருங்காலக்குடியில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் தொன்மையான பாறை ஓவியங்களும் இருக்கின்றன. கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம், திருவாதவூர், ஆனைமலை என்று இந்தச் சங்கிலி மதுரை வரை நீள்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய எழுத்தின் உளித்தடம் ஆழமில்லாதது. பிடி தேடும் விரலும், வியர்வை உறிஞ்சப் பூசும் வெள்ளைப் பொடியும், பாசி அகற்றும் கம்பித் தூரிகையும் அதைச் சில ஆண்டுகளில் தேய்த்துவிடும். இங்கே ஆணி அடிப்பது குற்றம் என்பதோடு, திரும்பப் பெற முடியாத இழப்பும்கூட. இந்தக் குன்றுகளை நடந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 2010 முதல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்திவரும் 'பசுமை நடை' மதுரை மக்களை இந்த மலைகளுக்கு அழைத்துப் போய் அவற்றின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பயணத்தின் முதல் காலையை அப்படி ஒரு நடைக்கு ஒதுக்குவது நல்லது.

அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு. அதன் செங்குத்துப் பாறைகளில் ராஜாளியும் வல்லூறு இனங்களும் கூடு கட்டுகின்றன. ஏறுவோர் தேடும் அதே உயரமான, யாரும் நெருங்க முடியாத விளிம்புதான் அவற்றுக்கும் வேண்டியிருக்கிறது. ஒரு முறை மனிதர் நெருங்கினால் தாய்ப் பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடும். வெயிலில் கிடக்கும் முட்டை வெகுநேரம் தாங்காது. இந்த ஊர்களை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் எடுப்பதற்காக விடப்பட்ட ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டார மக்கள் போராடி, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்யவைத்தார்கள். மலையை அப்படிக் காப்பாற்றிய ஊருக்குள் கயிறும் கொக்கியுமாகக் கேட்காமல் நுழைவது முறையாகாது.

பாதுகாப்பு அறிவிப்பு இல்லாத குன்றும் ஆளில்லாத குன்று ஆகிவிடாது. அடிவாரத்தில் அய்யனாரோ கருப்பசாமியோ இருப்பார். பாறை மேல் கார்த்திகைத் தீபம் ஏற்றும் இடம் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் ஊரில் ஏற்றக் காலணியோடு தொங்குவது சச்சரவில் முடியும். ஊர்ப் பெரியவர்களிடம் முதல்நாளே போய்ச் சொல்லி, எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்கள் வாயால் கேட்டுக்கொள்வதே வழி. பங்குனி, சித்திரையில் எந்த இடுக்கில் மலைத்தேனீ அடை வைத்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கயிற்றில் தொங்குகிறவரை மலைத்தேனீ சூழ்ந்தால் ஓட வழியில்லை. பாறையேறுவோர் அஞ்சும் ஆபத்துகளில் இது ஒன்று.

கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகள் ஆசை காட்டும். நூறடிச் சுவர், சாலை ஓரம், கேட்பார் இல்லை. அவற்றை விட்டுவிட வேண்டும். கம்பி ரம்பத்தால் அறுத்த சுவரில் விரல் வைக்கப் பிடி இல்லை. வெடி வைத்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாத தண்ணீர் நிற்கும்.

இத்தனையையும் கழித்தால் மதுரைச் சமவெளியில் கோடையில் எஞ்சுவது, ஊர் ஒப்புதலோடு தரையை ஒட்டிய உருண்டைப் பாறைகளில் ஏறும் பயிற்சியே. ஆளுயரம் இரண்டாளுயரப் பாறை, கீழே தடித்த மெத்தை, தாங்கிப் பிடிக்க நண்பர். கயிறு தேவையில்லை. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் கால் வைக்கும் நுணுக்கம் முழுவதும் இதில்தான் படியும். கயிற்றோடு ஏறும் பெரிய சுவர்களுக்குக் கர்நாடகத்தின் பாதாமிக்கும், உருண்டைப் பாறைக்கு ஹம்பிக்கும் போகிறவர்கள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்மாதங்களைத்தான் தேர்வு செய்கிறார்கள். கோடையில் அங்கேயும் இதே வெயில்தான்.

பயணத்தில் பாறையை முதலில் வைப்பதற்கு உடம்பு சார்ந்த காரணமும் இருக்கிறது. ஏறுவதற்கு விரல்தோல் காய்ந்து இறுகி இருக்க வேண்டும். இரண்டு நாள் கடல்நீரில் ஊறிய தோல் முதல் பிடியிலேயே உரிந்துவிடும். மேலும், பாறையில் தோளும் முதுகும்தான் உழைக்கின்றன. சர்ஃப் பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போடுவதும் அதே தசைகள்தான். இரண்டுக்கும் நடுவில் சைக்கிளை வைத்தால் கால் உழைக்கும்போது தோள் இளைப்பாறும். பாறை, மலை, கடல் என்ற வரிசை சாலைக்கும் பொருந்துகிறது, உடம்புக்கும் பொருந்துகிறது.

சைக்கிளுக்கான உடல்பயிற்சிக்கு மலை வரை போக வேண்டியதில்லை. கோடையில் வற்றிய கண்மாய்களின் கரைகளும், செம்மண் வண்டித்தடங்களும் கொட்டாம்பட்டியைச் சுற்றி ஏராளம். எதிரி ஒன்றுதான்: சீமைக் கருவேல முள். சாதாரண டியூப் ஒரு காலைக்கு நிற்காது. டியூப் இல்லாத டயரில் ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்வது இங்கே ஆடம்பரம் ஆகாது. கால் பழக விரும்புகிறவர்கள் பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலைக்கு ஒரு நாள் சைக்கிளில் போய், மேலே நடந்து ஏறி இறங்கலாம்.

மலைக்குப் போகும் பாதை நத்தம் வழியாக. மே மாதத்தில் நத்தம் சாலையில் மாம்பழக் குவியல்களைத் தாண்டாமல் போக முடியாது. திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை, பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளோடு, ஒரே நாளில் ஏறி இறங்கத்தக்கது. அதைவிட உயரம் வேண்டுவோர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் போகலாம். கொட்டாம்பட்டியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பதால், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலில் அக்னி நட்சத்திரத்திலும் சைக்கிள் மிதிக்கலாம். ஊரில் இருக்கும் நெரிசலை விட்டு விலகி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்கே செல்லும் சாலையும் அதிலிருந்து பிரியும் விவசாயப் பாதைகளும் மலைச் சைக்கிளுக்கு ஏற்றவை. பூண்டு விளையும் படிக்கட்டு வயல்கள், ஏரி, செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் புல்வெளி என ஒரு நாளுக்குள் காட்சி பலமுறை மாறும்.

இங்கே காலநேரத்தைவிட அனுமதி பெரிய விஷயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு ஏறும் தீ மனிதர் ஓடும் வேகத்தைவிட வேகமானது. அதிலும் மலைச்சரிவில் தீ மேல்நோக்கியே பாயும், தப்புகிறவர்களும் மேல்நோக்கியே ஓட நேரும். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 நடைபாதைகளை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. தீப் பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அவை வழக்கமாக மூடப்படும். இவை நடப்பவர்களுக்கான பாதைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிச் சைக்கிள் ஓட்டுவது அத்துமீறல். பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு வனத்துறைச் சீட்டு வேண்டும். பொதுச்சாலையும் கிராமப் பாதையுமே போதுமான அளவு சவால் தருபவை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. 2025 கோடையில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. மலையின் தண்ணீருக்கும் சாலைக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு என்பதை ஏற்கும் எவரும் இதைத் தொல்லையாக நினைக்க மாட்டார்கள். திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களை மலைக்கு வைத்துக்கொண்டால் இடமும் கிடைக்கும், சாலையும் காலியாக இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் மலைமேல் பிற்பகலில் இடி மின்னலோடு கோடைமழை கொட்டும். மதியத்துக்குள் திறந்த முகடுகளிலிருந்து இறங்கிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் தட்டு பழுத்துப் பிடி தளரும். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு வருவதே முறை. அதிகாலையிலும் அந்தியிலும் சாலையின் குறுக்கே காட்டுமாடுகள் நிற்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் அவை மிரள வாய்ப்பு அதிகம். தூரத்திலேயே நின்று, அவை தாமாக விலகும் வரை காத்திருக்க வேண்டும்.

கடைசியில் கடல். கொட்டாம்பட்டிக்குக் கிட்டிய கடல் தொண்டி. ஆனால் அங்கே சர்ஃப் பலகையை இறக்கினால் மிதக்கத்தான் முடியும். தெற்கிலிருந்து வரும் பேரலைகளை இலங்கைத் தீவு மறித்துக்கொள்கிறது. மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவிலுள்ள மணல்திட்டுகள் மிச்சத்தையும் அடக்கிவிடுகின்றன. ஆழமற்ற பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இராமநாதபுரக் கடலோரத்தில் சொல்வது இந்த வேறுபாட்டை அறிந்துதான். மேல்காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் இராமேசுவரத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கும் கைட் சர்ஃபிங் நடக்கிறது. அது காற்றை நம்பிய விளையாட்டு, அலையை நம்பியது அல்ல.

அலை வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்று, அதன்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அந்த முனையில் தட்டி அலைகள் வளைந்து, ஒரு பக்கமாக வரிசையாக உடைகின்றன. வடபுறத்தில் குன்றின் மறைவில் அமைதியான நீர். சர்ஃபிங் ஓரளவு பழகியவர்களுக்கு இது ஏற்ற இடம். முதல் முறை பலகை ஏறுகிறவர்கள் நானூறு கிலோமீட்டர் தூரத்தைப் பாராமல் வடக்கே கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போவதுதான் சரி. அங்கே அடிப்பகுதி பெரும்பாலும் மணல்; பயிற்சி தரும் பள்ளிகள் உண்டு; கற்றுத் தருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவக் குடும்பத்தினர். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய பள்ளி அந்த ஊரின் போக்கையே மாற்றியது. கட்டுமரத்தில் அலைமேல் ஏறிக் கரை சேர்வது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. பலகை மட்டுமே புதிது. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிகால் வெண்கலம் வென்றார்.

இந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவு. அண்டார்க்டிகாவை நெருங்கிய தென்கடலில் வீசும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நம் கடற்கரையில் சர்ஃபிங் களைகட்டுவது இவற்றால்தான். அளவு மீறி வந்தால் இவையே கேரளத்தில் கள்ளக்கடல் எனப்படும் நிகழ்வாகின்றன. வானில் மேகம் இருக்காது, காற்று இருக்காது, கடல் மட்டும் திடீரென ஏறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் அலையில் போனார்கள். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. ஐதராபாத்திலுள்ள இன்கோயிஸ் என்ற ஒன்றிய அரசு நிறுவனம் அலை உயரத்தையும் இந்த எச்சரிக்கையையும் தினமும் வெளியிடுகிறது. பயணத்தின் கடல் நாள்களில் காலை எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். சிவப்பு, ஆரஞ்சு என்றால் பலகையை உறையிலிருந்தே எடுக்கக் கூடாது.

சமவெளிப் பிள்ளைகள் பலர் பம்புசெட் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியவர்கள். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, சுவர் பக்கத்தில் இருக்கிறது. கடலில் அலைகளுக்கு நடுவே, பார்க்க அமைதியாகத் தெரியும் ஓர் ஓடையில், நீர் கரையிலிருந்து கடலை நோக்கி வேகமாக இழுக்கும். அதை எதிர்த்துக் கரைக்கு நேராக நீந்துகிறவர் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் சிறிது தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். பலகையின் கயிறு காலில் இருக்கும்வரை பலகையே மிதவை. பதற்றத்தில் அந்தக் கயிற்றைக் கழற்றிவிட்டு நீந்தக் கூடாது.

கடலிலும் காலைதான் நேரம். விடியலில் தரைக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசி அலையின் முகத்தை வழவழப்பாக நிமிர்த்தி வைக்கும். பத்து, பதினோரு மணிக்குக் கடற்காற்று எழுந்ததும் அலை சிதறிக் கலங்கிவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருந்தாலும், நாட்டுப்படகுகள் காலையில் கரையேறும். வலை இழுக்கும் இடத்திலும் படகு ஏறும் தடத்திலும் பலகையோடு நிற்காமல் விலகுவது கரையூரின் மரியாதை.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு இடைவெளிகள் தெரிகின்றன. ஏப்ரல் 15க்குப் பின் மலைப்பாதைகள் திறந்து, மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் ஒன்று. மே 28 வாக்கில் அது முடிந்து, பள்ளி கல்லூரி திறப்பதற்குள் இன்னொன்று. இரண்டாவது குறுகியது, ஆனாலும் மேலானது. கோடைமழை பெய்து காட்டில் தீப் பயம் தணிந்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், தெற்கு அலைகள் நிலைபெற்றிருக்கும். எட்டு நாள் போதும்: பாறைக்கு இரண்டு காலை, மலைக்கு மூன்று நாள், கடலுக்கு இரண்டு, நடுவில் நெடும்பயணத்துக்கு ஒன்று. அந்த நெடும்பயண நாளில் வேறு எதையும் வைக்கக் கூடாது.

சாமான்களில் பலகைக்குத்தான் வெயில் எதிரி. பூட்டிய காருக்குள் பகலில் ஏறும் சூட்டில் பலகையின் உள்நுரை உப்பி மேல்தோல் பிரியும். மேலே தடவிய மெழுகு உருகி இருக்கையெல்லாம் ஒட்டும். வெள்ளி நிற உறை போட்டு, நிறுத்தும்போதெல்லாம் புளியமர நிழலைத் தேட வேண்டும். வண்டியின் பின்னால் மாட்டும் சைக்கிள், எண் பலகையையும் சிவப்பு விளக்கையும் மறைத்தால் சோதனைச்சாவடிதோறும் நிற்க நேரும். கூரைமேல் மாட்டுவது நல்லது. ஏற்றக் கயிற்றை வெயிலிலும் பேட்டரி அமிலத்தின் அருகிலும் வைக்கவே கூடாது. ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குறைந்த கணக்கு. வழியில் நீர்மோரும் நுங்கும், உடன்குடிப் பக்கம் பதநீரும் கிடைக்கும்.

திரும்பி வந்த அன்றே, களைப்பைப் பார்க்காமல், எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சைக்கிள் சங்கிலியிலும் ஏற்றக் கொக்கிகளின் சுருள்வில்லிலும் ஒளிந்த உப்பு ஒரே வாரத்தில் அரிக்கத் தொடங்கும். கயிற்றை வெதுவெதுப்பான நீரில் தனியாக ஊறவைத்து நிழலில் காயப்போட வேண்டும். பலகையை அலசித் துடைத்து, கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, அடைத்த பிறகே உறையில் போட வேண்டும்.